கை போலீஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

வார்டில் யார் கை கழுவுகிறார்கள், போட்ட ஊசியை என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இங்கே எனக்குக் ‘கை போலீஸ்’ என்று பெயர். போன வாரம் மேசையில் திறந்து கிடந்த ஊசியைப் பழக்கதோஷத்தில் மூடப் போனேன். மூடாமல் அப்படியே ஊசிக் கழிவு டப்பாவில் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவள் நான்தான். விரலில் குத்திவிட்டது.

பயப்படாதே. கல்லூரியில் சேரும்போது என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் ஹெபடைடிஸ் தடுப்பூசி மூன்று தவணையும் போட வைத்தாயே, அது கைகொடுத்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறதாம். மற்றக் கிருமிகளுக்காக இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். தங்கை இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டாள், மூன்றாவதையும் போடச் சொல்.

கழுவிக் கழுவிக் கை வெடிக்கிறது. நீ பூசும் களிம்பு ஒரு டப்பா அனுப்பு.

குத்தியதும் நர்ஸ் அக்கா, “போலீஸே மாட்டிக்கிட்டீங்களா? கையக் குடுங்க” என்று என் விரலைப் பிடித்து, சின்ன வயதில் நீ செய்வது போலவே குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கழுவி முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

வார்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்