பாக்கு மூட்டைகள் போன பஸ்

ராத்தா,

பெட்ரோல் மணம் இப்போது நம் குசினி அடுப்பு வரைக்கும் வருகிறது. உன் மாப்பிள்ளை, என் மச்சான், சொந்தமாக ஒரு பஸ் வாங்கிவிட்டார். திகனவிலிருந்து கண்டிக்கு ஓடுகிறது. பெண்கள் இருப்பதற்காகப் பின் ஆசனங்களை மறைத்துத் திரை கட்டியிருக்கிறார். ஊரே புகழ்கிறது. எனக்கோ அந்தத் திரையைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

உன் மகள் கைப்பிள்ளையாக இருந்த அன்றைக்கும் மச்சான் கடை வாசலில் நின்று இதைத்தான் பேசினார். ரயில் தெல்தெனியாவுக்கு வரப்போவதில்லை, மாட்டுவண்டிக் காலமும் முடிந்தது, இனி எல்லாம் பஸ்தான் என்று. உள்ளே நீ இரண்டாவது பிள்ளைக்கு நோவு கண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள் மருத்துவிச்சி. யாருடையதோ பஸ் ஒன்று வாசலிலேயே நின்றது. மச்சான் அதில் பாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இதுலயே ஏத்துங்க, மச்சான்" என்றேன்.

"ஆம்புளையளுக்கு நடுவுல எப்பிடி ஏத்துற, புள்ள? ஊரு என்ன பேசும்? திரை கட்டின வண்டிக்கு ஆளனுப்பி இரிக்கேன்."

பாக்கு பஸ்ஸில் போனது. நீ மாட்டுவண்டியில் போனாய். நாலு பக்கமும் திரை, உள்ளே காற்றில்லை. வழியில், குண்டசாலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஒரு சாக்குல கட்டிக் குடுத்திருக்கலாமே, தங்கச்சி" என்றாய். அழுகையோடு சிரித்தேன். தென்னகும்புர வருமுன்னே நீ போய்விட்டாய். பிள்ளையும் போய்விட்டது.

அல்லாவின் நாட்டம் என்றார்கள். அல்லா பஸ்ஸை வாசலுக்கே அனுப்பித்தானே வைத்தான்?

போன கிழமை உன் மகளுக்குத் தலைப்பிள்ளை நோவு கண்டது. மச்சானின் பஸ் கண்டிக்குப் போயிருந்தது. சந்தியில் வேறொருவருடைய பஸ் நின்றது, திரை இல்லாதது. நம்முடையது திரும்பி வரட்டும், கொஞ்சம் பொறு என்றார் மச்சான். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாங்கிப் பிடித்து அந்த பஸ்ஸிலேயே ஏற்றினேன். ஆண்கள் தாமாகவே எழும்பி இடம் விட்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்கள். கிழவர் ஒருவர், "பள்ளம் பாத்து ஓட்டு மகன்" என்று டிரைவரிடம் சொன்னார்.

பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

பேத்தியைக் கையில் வாங்கி மச்சான் அழுதார். இனியாவது அவரை மன்னித்துவிடு என்கிறாள் உம்மா. எனக்கு ஏலாது, ராத்தா. கண்டி போய்ச் சேரும் வரைக்கும் அந்த ஆசனத்தில் இருந்துகொண்டு இதையேதான் நினைத்தேன்: அன்றைக்கு உன்னை ஏற்றுவதும் இவ்வளவு லேசான காரியமா? அதற்குப் பிறகு என் கோபம் கூடித்தான் இருக்கிறது.