துவக்கு கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1.11.86, சனி

விடியற்காலையிலிருந்து தூறல். சப்பாத்துக்குள் தண்ணீர். ஸ்கீவ நகரத்து பஸ் பிந்தியது. கிர்ஸ்டன் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய விடுதியில் எனக்கு இன்றோடு இரண்டு மாதம். மூன்று மாதம் ஒழுங்காக நின்றால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார். முதலாளியம்மாக்களின் வாக்கை நான் நம்புவதில்லை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

செய்தவை: உருளைக்கிழங்கு இரண்டு வாளி. மேசை விரிப்பு பதினாறு, அயர்ன் பண்ணி விரிப்பு அறையில் அடுக்கியது. கேத்தல்கள்.

பத்தரைக்கு நடந்ததை எழுதவே வெட்கம். சாப்பாட்டு மண்டபத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பச்சைக் கோட்டு, முழங்கால் உயரச் சப்பாத்து, ஒரு நாய், கையில் துவக்கு. பக்கத்துக் காட்டில் வேட்டையாடிவிட்டுக் கோப்பி குடிக்க வந்த கிழவர், பெயர் நீல்ஸ் என்று பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது துவக்கு மட்டும். என் கை தானாக ஏப்ரன் பைக்குள் போய், டொக்டரிடம் காட்டுகிற மஞ்சள் அட்டையை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டியது. மற்றக் கையில் இருந்த துணியைக் கீழே போட்டு அந்தக் கையையும் விரித்துக் காட்டினேன்.

மனுஷன் அட்டையை வாங்கினார். கண்ணாடி போட்டு, புவனேஸ்வரி என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். திருப்பித் தந்தார்.

"வடிவான பேர். எனக்கு ஒரு கோப்பி தாறீங்களோ?"

பின்மேசையில் யாரோ சிரித்தார்கள். கோப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன்.

3.11, திங்கள்

பெரிய காற்று. வீட்டில் இவரிடம் சொன்னேன். மீன் தொழிற்சாலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"உம்மை ஆர் அட்டையை நீட்டச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. அதுதானே பிரச்சினை. கொழும்பு பஸ்ஸை மறித்து இறக்கிய அன்று ஆமிக்காரன் கேட்கும்வரை நின்றவர்களைத் தனியாக எடுத்தான். கேட்க முன்னமே அடையாள அட்டையை நீட்டியவர்களைத் திரும்ப ஏறச் சொன்னான். மூன்று பேர் ஏறவில்லை. என்னோடு ஒரே சீற்றில் இருந்து தோடம்பழம் உரித்துத் தந்த பெடியன் அதில் ஒருவன். பழத்தோல் என் மடியில் இருந்தது.

கிர்ஸ்டன் இன்று கேட்டார், ஏன் அப்படிச் செய்தாய் என்று. என் டேனிஷில் இவ்வளவுதான் வந்தது: "எங்கட ஊரிலை துவக்கோடை ஆள் வந்தால் அட்டை காட்ட வேணும்." கி. விளக்கினார். இங்கே வேட்டைக்காரர் துவக்கை நடுவில் மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டுதான் வருவார்களாம். மடித்தால் வெடி இல்லை என்று எல்லோருக்கும் தெரியுமாம். அது மரியாதையாம்.

மடித்ததை நிமிர்த்த எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் கேட்கவில்லை.

5.11, புதன்

பால், வெங்காயம், இவருக்குக் கையுறை. மறக்கக்கூடாது.

வாசலில் கி. ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். தட்டச்சு செய்து, ஓரத்தில் ஒரு பூவும் கீறி. விருந்தினர்கள் துவக்குகளை உள்ளே கொண்டுவராமல் இருந்தால் நாங்கள் மகிழ்ச்சியடைவோம்.

மூன்று தரம் வாசித்தேன். எங்கள் ஊரில் நோட்டீஸ் ஒட்டுகிறவனிடம்தான் துவக்கு இருக்கும். ஆமியோ, இயக்கமோ, அவன் ஒட்டுவான், நாங்கள் வாசிப்போம். இங்கே துவக்கு வைத்திருப்பவனுக்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், அதுவும் பூப்போட்டு. சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. நான் கேட்டேனா? இனி இந்த ஊர் முழுக்கத் தெரியும், இது அந்தக் கறுத்தப் பொம்பிளைக்காக என்று.

8.11, சனி

வெயில், ஆனால் குளிர். காலையிலிருந்து காட்டுப் பக்கம் வெடிச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் கத்தி கையில் நின்றது. கரட் வெட்டி முடிக்க ஒரு மணித்தியாலம்.

பதினொரு மணிக்கு நீல்ஸும் ஓர் இளம் ஆளும். இளம் ஆள் சிவப்புத் தொப்பி. நோட்டீஸுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் கி.யோடு வாதாடினார்கள். நான் குசினிக் கதவிடுக்கில்.

தொப்பிக்காரன்: "மகிழ்ச்சியடைவோம் எண்டுதானே எழுதியிருக்கு. கொண்டுவரக் கூடாதெண்டு இல்லையே. நான் கொண்டுவந்தால் நீங்கள் கொஞ்சம் மகிழ்ச்சி குறைவாய் இருப்பீங்கள், அவ்வளவுதானே."

நீல்ஸ் சிரிக்கவில்லை. "காரிலை விட்டால் கண்ணாடியை உடைச்சு எடுத்துக்கொண்டு போவாங்கள். பிறகு அது ஆரின்ரை கையிலை போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? என்ரை கையிலை இருக்கிறது நல்லது."

கிழவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். துவக்கு வைத்திருக்கிறவன் நியாயமும் கதைத்தால் நான் எங்கே போவது?

கடைசியில் இருவரும் துவக்கோடே வந்து இருந்தார்கள். கி. மகிழ்ச்சி குறைவாக நின்றார். கோப்பியை அவரே கொண்டுபோனார்.

10.11, திங்கள்

இங்கத்தைய வாத்துத் தின்னும் நாள். முப்பத்திரண்டு வாத்து. கையெல்லாம் நெய், தலைமயிரிலும் மணம்.

அந்தக் களேபரத்தில் கி. என்னைப் பின்கதவுக்குக் கூப்பிட்டார். வேட்டைச் சங்கம் ரெலிபோன் பண்ணியதாம். வரும் சனிக்கிழமை மத்தியானம் பதினாலு பேருக்குச் சாப்பாடு. வருடா வருடம் இங்கேதான், டிசம்பரில் நத்தார் விருந்தும் இங்கேதான். நோட்டீஸ் இருந்தால் அடுத்த ஊர் விடுதிக்குப் போவார்களாம். மாரியில் இந்த விடுதியை நடத்துவதே அவர்களுடைய சாப்பாடுகள் என்று எனக்கும் தெரியும்.

"நீ சொல்லு, எடுக்கட்டோ, விடட்டோ? உனக்காகத்தான் போட்டது. நீ சொல்லுறதைச் செய்யிறன்."

நல்ல மனுஷி. இதைவிடக் கன்னத்தில் ஓர் அறை தந்திருக்கலாம்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

11.11, செவ்வாய்

இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிராமல்: "எடுக்கச் சொல்லும். அவங்கள் உம்மைச் சுடவோ வாறாங்கள்? தாரா சுட வாறாங்கள். இன்னும் மூண்டு கிழமை. வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் வேலை நிரந்தரம்."

"நீங்கள் ஒருக்கால் வந்து நிண்டு பாருங்கோ."

"நான் நிண்டிருக்கிறன்," என்றார். அவரும் நின்றிருக்கிறார்தான், முழங்காலில், தலைக்குப் பின்னால் கை. அதை எனக்கு ஒரு தரம்தான் சொன்னார்.

கி.யிடம் எடுக்கச் சொன்னேன். அவருடைய முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க முடியவில்லை. நோட்டீஸ் இப்போது மேசை லாச்சிக்குள், தபால் முத்திரைகளுக்கு அடியில்.

13.11, வியாழன்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இருக்கப் பிடிக்கவில்லை, நிற்கப் பிடிக்கவில்லை. ஒரே கோப்பையை இரண்டு தரம் கழுவியிருக்கிறேன். எடுக்கச் சொன்னவள் நான்தான், பிறகு யாரோடு கோபம்? எல்லோரோடும். இவரோடு, கி.யோடு, பூவோடு. கூடுதலாக என்னோடு.

விரிப்பு அறைக்குள் நின்று யோசித்தேன். ஜன்னல் இல்லாத அறை. தடித்த கதவு. நல்ல பூட்டு. ஒரே ஒரு திறப்பு.

மொழி வகுப்பில் ரீச்சரிடம் மூன்று வசனம் திருத்தி வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
1. விடுதி அம்மா துவக்கு உள்ளே வருவதை விரும்பவில்லை.
2. இந்த அறைக்குப் பூட்டு இருக்கிறது, திறப்பை நீங்களே வைத்திருக்கலாம்.
3. எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதை வெட்டிவிட்டேன். அது தேவையில்லை.

14.11, வெள்ளி

மஞ்சள் பட்டாணி ஊறப்போட்டேன், பெரிய சட்டி இரண்டு. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலும் வசனம், குளிக்கும்போதும் வசனம்.

15.11, சனி

வெண்பனி, புல்லெல்லாம் வெள்ளை. சூப், பன்றி இறைச்சி, பீற்றூட் ஊறுகாய், கறுத்தப் பாண். எல்லாம் பன்னிரண்டுக்கே தயார். விரிப்பு அறைத் திறப்பைக் கொழுவியிலிருந்து எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டேன். மஞ்சள் அட்டை இருக்கிற அதே பை.

ஒரு மணிக்கு முற்றத்தில் கொம்பு ஊதினார்கள். ஜன்னலால் பார்த்தேன். சுட்ட பறவைகளை வெட்டிப் போட்ட மரக்கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்திவைத்துத் தொப்பியைக் கழற்றி நிற்கிறார்கள். செத்த தாராவுக்கு இவ்வளவு மரியாதை. தோடம்பழம் தந்த பெடியனை நினைத்தேன்.

பிறகு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நீல்ஸ், மடித்த துவக்கு முழங்கையில். பின்னால் பதின்மூன்று பேர். நான் குசினியிலிருந்து போய் வாசற்படியில் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கி. பின்னாலிருந்து என் பெயரைக் கூப்பிட்டது மட்டும் கேட்டது.

முதலாம் வசனம் வரவில்லை. இரண்டாவதும் இல்லை. வெட்டிய மூன்றாவதுதான் வந்தது.

"எனக்குப் பயமாக இருக்கிறது."

துவக்கு வைத்திருந்த ஒருவனுக்கும் இதுவரை இதைச் சொன்னதில்லை. ஊரில் பயத்தைக் காட்டினால் அதுவே குற்றம். ஒன்றுமே இல்லாத முகத்தை வைத்துக்கொண்டு அட்டையை நீட்டத்தான் பழகியிருந்தோம்.

நீல்ஸ் தன் கையைப் பார்த்தார். துவக்கை வேறு யாரோ அதில் கொழுவிவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

"இது வெறுந் துவக்கு," என்றார், மெதுவாக.

"தெரியும். எண்டாலும் பயம்." பிறகுதான் இரண்டாவது வசனம் வந்தது. பூட்டு. திறப்பு. நீங்களே வைத்திருக்கலாம். திறப்பை நீட்டினேன்.

வாங்கினார். "எங்கை அந்த அறை?"

பன்னிரண்டு துவக்குகள் என் விரிப்புகளுக்கு நடுவில் போயின. ஒருவர் முதலிலிருந்தே வெறுங்கை, கொம்பு ஊதியவர். தொப்பிக்காரன் மட்டும் காருக்குள் போய் இருந்தான். பத்து நிமிடம். சூப்பின் மணம் அங்கேயும் போயிருக்க வேண்டும். தன் துவக்கையும் கொண்டுவந்து நீல்ஸிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இருந்தான். கி. கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். வெங்காயம் என்று சொன்னார். இன்று வெங்காயம் வெட்டியது நான்.

கோப்பி நேரம் தொப்பிக்காரன் பீற்றூட் போத்தலைத் தட்டிவிட்டான். வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்பு. புது விரிப்பு வேண்டும். விரிப்புகள் துவக்குகளோடு அந்த அறைக்குள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நீங்கள் நில்லுங்கோ, நான் எடுத்துவாறன்," என்று நீல்ஸ் எழும்பினார். வயதுபோன கால், மெல்லத்தான் நடந்தார். நத்தாருக்கென்று நான் தனியாக எடுத்துவைத்த பச்சை விரிப்பைக் கொண்டுவந்தார்.

இது இல்லை, மேல் தட்டில் இருக்கிற வெள்ளை என்றேன்.

வெள்ளையை எடுக்கத் திரும்பிப் போனார்.