கிலோமீட்டர் எழுதாத பிராது

ஜப்பான்,
12.11.2004

அன்புக் கயல்விழி,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். வேலை செய்யும்போது சூளைக் கதவு பட்டு வலது கை லேசாகச் சுட்டுவிட்டது, அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

லீவு கிடைத்ததால், கூட வேலை செய்யும் மோரி என்னை இயேயாசு என்பவரின் கோயிலுக்கு அழைத்துப் போனார். நானூறு வருடத்துக்கு முன் நாட்டையே பிடித்து ஆண்டவராம், இறந்தபின் சாமியாக்கிவிட்டார்கள். பனிமூட்டத்தில் மரங்கள் மிதப்பதுபோல் நின்றன. வேண்டுதல் எழுதித் தொங்கவிட்ட மரப்பலகைகள் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. நம்மூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் குறையை எழுதி நாம் கட்டும் பிராதுச் சீட்டுகள் படபடப்பது போலவே எனக்குக் கேட்டது.

நானும் ஒரு பலகை வாங்கி, பழக்கத்தில் பிராது மாதிரியே எழுதினேன். பேர் ராஜ்மோகன். ஊர் விருத்தாசலம். குறை, வூட்டு ஞாபகம். அடுத்து, நம் பிராதில் எழுதுவதுபோல், ஊருக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம் எழுத வேண்டுமே!

"நம்மூரு இங்கேருந்து எத்தினி கிலோமீட்டருங்க?" என்று மோரியிடம் தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் புரியாமல் சிரித்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தொங்கவிட்டேன்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூளும் பாப்பா போட்டோவும் கொடுத்தனுப்பு. அங்கே நீயும் எனக்காக ஒரு பிராது கட்டு. குறை தீர்ந்தபின் அதை வாபஸ் வாங்க மட்டும் தனியாகப் போகாதே, நான் வந்ததும் சேர்ந்து போகலாம்.

கோயில் வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; திரும்பிப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்,
ராஜ்மோகன்