உனக்கு நான் போடாத பதில்

இன்று காலை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், என்ன உடம்புக்கு என்று நான் கேட்பதற்குள் தன் கைபேசியை நீட்டினார். "இதுல பேசுதது நீங்கதான டாக்டர்?" திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்செரிச்சலுக்கு இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்லும் அந்த வீடியோ. நீக்கி ஒரு வருடமாகிறது. யாரோ சேமித்துவைத்து இன்னும் சுற்றவிடுகிறார்கள். "நாந்தான். ஆனா அதை நம்பாதீங்க" என்றேன். வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். அப்போதிருந்து மனதுக்குள், நண்பா, உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சேரன்மகாதேவியில் நீ மோட்டார் பழுது பார்த்த கடைக்கு ஒருமுறை எங்கள் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்தேன். பாதி நாள் அதோடு மல்லுக்கட்டினாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "லே, இது எனக்குப் பிடிபடல. தெரிஞ்ச மாதிரி எதையாவது மாட்டிவிட்டா பத்து நாள்ல திரும்ப எரியும். டவுன்ல ஒருத்தன் இருக்கான், அவன்ட்ட கொண்டு போ." கூட வேலை செய்தவர்கள் முன்னால், கொஞ்சமும் கூசாமல் சொன்னாய். நான் கேமரா முன்னால் உட்கார்ந்த நாட்களில் ஒருமுறைகூட "தெரியாது" என்ற சொல்லைச் சொன்னதில்லை.

அந்த வீடியோவுக்கு, அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டவர் எழுதித் தந்ததைத்தான் படித்தேன். முடிவில் நானாக ஒன்றைச் சேர்த்திருந்தேன்: நெஞ்சு கனத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ எதையும் குடித்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். "பயங்காட்டுனா பாதியிலயே தள்ளிட்டுப் போயிருவாங்க சார்" என்று அதை வெட்டிவிட்டார். சரி என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீடியோவின் கீழே நீ எழுதினாய்: "லே, ரெண்டு நாளா நெஞ்சு கனமா இருக்கு. வேர்த்து வேர்த்து வருது. இஞ்சி குடிச்சாப் போதுமா?" சற்று நேரத்திலேயே என் பெயரில், என் படத்தோடு பதில் வந்தது: "கவலை வேண்டாம். உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி." கீழே கூப்பிய இரண்டு கைகள். எல்லோருக்கும் போகிற பதில் அது. விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து அதை அனுப்பியவருக்கு உன்னையும் தெரியாது, நெஞ்சுவலியையும் தெரியாது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியத்துக்கு முன்பு, கழற்றிய மோட்டாருக்குப் பக்கத்திலேயே நீ சரிந்தாய். ஆட்டோவில் ஏற்றும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

உன் வீட்டில், அழுகைக்கு நடுவே உன் மனைவி கைபேசியை என்னிடம் காட்டினாள். "போன் பண்ணுங்கன்னு சொன்னேன் அண்ணே. 'அவன் ஆளுகளப் பாத்துட்டு இருப்பான், எதுக்குத் தொந்தரவு? இதுல கேட்டா ஒழிவா இருக்கையில சொல்லுவான்'னாவ. நீங்க உடனே பதில் போட்டதும் அடுப்படிக்கே கொண்டுவந்து காட்டுனாவ. அம்புட்டு சந்தோசம் அவியளுக்கு."

அங்கேதான் அதை முதல்முறையாகப் படித்தேன். நான் எழுதவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உன் கால்மாட்டில் நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, யாரும் எழுதித் தராமல், என் கைபேசியிலேயே பேசிப் பதிவு செய்தேன். எதை வெட்டினோம், பதில்களை யார் போடுகிறார்கள், நீ எப்படிப் போனாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுதும்விட்டேன். பக்கம் விளம்பரப் பிரிவின் வசம் இருந்ததால் அவர்களிடமே கொடுத்தேன். வெட்டியதையும் பதில் போட்டதையும் பற்றிச் சொன்னதை எடுத்துவிட்டு, என் அழுகையை மட்டும் வைத்து, பின்னால் வயலின் சேர்த்து வெளியிட்டார்கள். நண்பனுக்காகக் கண்ணீர் விடும் டாக்டர்! இஞ்சிச் சாற்றைவிட அது நன்றாக ஓடியது. "எவ்வளவு உண்மையான மனுசன்" என்று ஊர் முழுக்க எழுதியது. எழுதிய ஒவ்வொருவருக்கும் என் பெயரில் பதில் போனது: "உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி."

சண்டை போட்டு இரண்டையும் நீக்கவைத்தேன். அந்த வேலையையும் விட்டேன். இப்போது சின்னதாக ஒரு கிளினிக், பலகையில் பெயர் மட்டும். இதைத் தியாகம் என்று எண்ணிவிடாதே. நீ போன பிறகு செய்ததற்கு என்ன மதிப்பு?

அதற்கப்புறம்தான் உன் மனைவியிடம் போய் உண்மையைச் சொல்லத் துணிந்தேன். திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்:

"அப்பம் அன்னைக்கு அவிய யாருகிட்ட அண்ணே கேட்டாவ?"

அந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன். யாரென்று அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.