பேய்க்கு ஒரு விருந்து

புரட்டாசி, செவ்வாய் இரவு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டு இன்று நான்காம் நாள். பஸ் இல்லை. வெள்ளிமலைக்கு வேலையாகப் போன என் வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை. நாளை மகள் மலருக்குப் பிறந்தநாள், எட்டு வயது. மரம் சாய்ந்த சத்தம் கேட்டதிலிருந்து, பேய் வருகிறது என்று அழுதுகொண்டே இருக்கிறாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா வந்து அவளருகே உட்கார்ந்தார்.

“பேயிதானே? வரட்டும் கண்ணு. பொறந்தநாளுக்குச் சோறு போட்டு அனுப்பிடலாம்.”

மலர் அழுகையை நிறுத்தினாள். “பேயி இன்னா துன்னும்?”

மூவரும் பட்டியல் போட்டோம். கேழ்வரகு இடியாப்பம், பேய் முடி. பீட்ரூட் சட்னி, ரத்தம். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மிளகு வைத்தால் பேய்க் கண். தெருப் பிள்ளைகள் நாலு பேரையும் கூப்பிடலாம் என்றாள் மலர். கடையில் முட்டையே இல்லையே என்றேன்.

“எங்க வூட்டுக் கோழி இன்னாத்துக்கு இருக்குது?” என்று அக்கா எழுந்து போய் ஆறு முட்டை கொண்டுவந்தார்.

பீட்ரூட் இருக்கிறதா என்று பார்க்க மலர் தனியாகவே இருட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போகாமல் உட்கார்ந்திருந்தேன். “ரெண்டு இருக்குதும்மா!” என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

படுக்கும்போது, “அப்பா நடந்து வந்தா பசிக்கும். ரெண்டு கண்ணு எடுத்து வையி” என்றாள். சரி என்றேன்.

அக்காவுக்கு வாய்விட்டு நன்றிகூடச் சொல்லவில்லை. நாளை முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான்.