சம்பந்தியின் பதக்கம்

மல்வேர்ன், ரொறன்ரோ
12 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தி ஏழுமலை அவர்களுக்கு,

நவரட்ணம் எழுதுவது. நானும் ஜெயமலரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் என் முழங்கால் சிரிக்கும். குடியாத்தத்தில் நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு ஒரு காது கேளாது. மற்றக் காதுக்காகப் பிள்ளைகள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்த, வீடு முழுக்க எல்லாம் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

என் மகள் அட்சயாவுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. யூனியன்வில்லில் அவர்கள் வீட்டுக்குத் தொட்டில் வந்துவிட்டது. உங்கள் மகன் சுந்தர் அதைப் பூட்டுகிறேன் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டார், இன்னும் ஒரு கால் ஆடுகிறது.

இனி எழுதப்போவதைக் கேட்டால் மருமகன் என்னோடு கோபிப்பார். ஜூலையில் நீங்கள் இங்கே வரும்போது, உங்கள் எழுபதாவது பிறந்தநாளுக்கென்று உங்கள் இராணுவப் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தர நினைத்திருக்கிறார். போன முறை ஊருக்கு வந்தபோது உங்கள் பெட்டிக்குள் இருந்து சொல்லாமல் எடுத்து வந்தாராம். வேலையில்லாத ஆள் நான்தானே என்று, அதைச் சட்டம் போடுகிற சீமோனின் கடைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சீமோன் பழைய பதக்கங்கள் சேர்க்கிற மனிதர். பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "அண்ணை, உது இலங்கைக்கு வந்த இந்தியப் படைக்குக் குடுத்தது. விளிம்பில நம்பரும் பேரும் றெஜிமென்ற்றும் வெட்டியிருக்கு" என்றார். பெயர் உங்களுடையது. றெஜிமென்ற் நாலைந்து எழுத்தில் சுருக்கமாக இருக்கிறது, அதுவும் தேய்ந்துபோய்.

கல்யாணத்தன்று நான் கேட்டபோது ராஜஸ்தான் எல்லையில் இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ தெரியாது. எந்த றெஜிமென்ற், இலங்கையில் எங்கே, எந்த மாதங்களில் இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். சட்டத்தின் கீழே தகட்டில் போடவேண்டும் என்று சீமோன் கேட்கிறார்.

அன்புடன்,
நவரட்ணம்


குடியாத்தம்
5 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு ஏழுமலையின் வணக்கம்.

உங்கள் கடிதம் நேற்று கைக்கு வந்தது. பையன் ரகசியமாக வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான். மெடலைக் காணோம் என்று இரண்டு மாதமாக வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது அவள் முறை.

மருமகள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் காப்பியோடு ஓடிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய தைரியம்.

மெடல் விஷயம். அது வீரத்துக்குக் கொடுத்தது இல்லை. அந்த நாட்டுக்குப் போன எல்லோருக்கும் கொடுத்தார்கள், சமையல்காரர் உட்பட. நான் பலாலி விமானத்தளத்து ஸ்டோரில் இருந்தேன். அரிசி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் ஏற்றி இறக்கியதோடு சரி, கம்பி வேலியைத் தாண்டி ஊரைப் பார்த்தது கிடையாது. உங்கள் சனம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் அந்தப் பேச்சு எதற்கு என்றுதான் ராஜஸ்தான் என்று சொல்லிவைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டமும் வேண்டாம், தகடும் வேண்டாம். அதைச் சுந்தரிடமே கொடுத்துவிடுங்கள். குளிரில் இதற்காக நீங்கள் அலைய வேண்டாம்.

அன்புள்ள,
ஏழுமலை


மல்வேர்ன்
2 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நம்பிவிட ஆசையாகத்தான் இருந்தது. நம்பியிருந்தால் வாசலில் கிடக்கிற ஸ்னோவை வழித்துவிட்டுப் பேசாமல் படுத்திருப்பேன்.

ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சீமோன் பதக்கத்தைப் படமெடுத்து, பிரம்டனில் இருக்கிற ஓய்வுபெற்ற இந்திய அதிகாரி ஒருவருக்கு அனுப்பியிருந்தார். நம்பரையும் அந்தத் தேய்ந்த எழுத்துகளையும் வைத்து அவர் றெஜிமென்ற்றைக் கண்டுபிடித்துவிட்டார். அது காலாட்படையாம், ஸ்டோர் ஆட்களுக்கு அந்த எழுத்துகள் வராதாம். 87 ஒக்ரோபரில் அந்தப் படை எந்தப் பகுதியில் நின்றது என்றும் சொன்னார். அந்த ஊரின் பெயரை எழுதக் கை வரவில்லை, உங்களுக்குத் தெரியும்தானே.

எனக்கும் அந்த எழுத்துகளை முப்பத்தேழு வருடமாகத் தெரியும்.

என் தம்பி அருள்நாயகத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னதில்லை. சித்தப்பா ஷெல் விழுந்து செத்தார் என்று சொல்லித்தான் அட்சயாவை வளர்த்தேன். அது பொய். அவன் பஸ் கொண்டக்டர், இருபத்தாறு வயது, எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. அந்த ஒக்ரோபர் கடைசியில் ஒரு பின்னேரம் இந்தியப் படை எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் அடைத்துச் சுற்றிவளைத்தது. மூன்று நாளாக விளங்காத பாஷையில் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவும் தம்பியும் நானும் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே கிடந்தோம். அப்போது வெளியே ஒரு குரல் தமிழில் கூப்பிட்டது. "ஐயா, வீட்ல யாருங்க? பயப்படாம கதவத் தெறங்க. நானும் தமிழ்தாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவன் வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திறவாதை" என்றார். நான் கையை உதறிவிட்டுத் திறந்தேன். தலைக்கவசம் போட்ட சிப்பாய், என் வயது இருக்கும். பின்னால் ஏழெட்டுப் பேர். தம்பியைக் காட்டி, "இவர விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்றார். முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று தம்பி கேட்டான். "அதெல்லாம் வேணாங்க, அஞ்சு நிமிஷம்." தம்பி என்னைப் பார்த்தான். "தமிழ் ஆள்தானே, போயிட்டு வா" என்று நான் சொன்னேன்.

அவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அம்மா பிரஜைகள் குழுவில் முறைப்பாடு கொடுத்தபோது, அந்தச் சிப்பாயின் தோளில் இருந்த பித்தளை எழுத்துகளை நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அதன் பிரதி என் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸில் இருக்கிறது. எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை.

சம்பந்தி, ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் குரல் உங்களுடையதா? முகம் எனக்கு மறந்துபோயிற்று. கல்யாணத்தில் உங்களோடு எவ்வளவோ கதைத்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கோபத்தில் எழுதவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும். ஜெயமலருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதங்கள் தெரியாது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதுங்கள்.

நவரட்ணம்


மல்வேர்ன்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தி,

நேற்றுக் காலை அட்சயாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சுந்தர் இதற்குள் ஐம்பது படமாவது அனுப்பியிருப்பார். நெற்றி உங்கள் பக்கம் என்று ஜெயமலர் சொல்கிறாள், வாய் எங்கள் பக்கமாம். எனக்கு எல்லாப் பிள்ளைகளும் பிறந்த அன்று ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஏழு வாரமாகத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். விளம்பரத் தாள்களும் மின்சார பில்லும்தான் வருகின்றன. நீங்கள் எழுதாமல் இருப்பதும் ஒரு பதில்தான், ஆனால் எந்தப் பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையில் தந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். அதற்காக வெட்கப்படுகிறேன். பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க விடுங்கள், எதையாவது எழுதுங்கள்.

நவரட்ணம்


குடியாத்தம்
11 மே 2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் ஐயா என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டோரில் இருந்தேன் என்பது பொய். என் சம்சாரத்துக்கும் மகனுக்கும் அந்தப் பொய்தான் தெரியும். எங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எந்தத் தெருவைச் சோதனை போட்டாலும் என்னை முன்னால் நிறுத்துவார்கள். உள்ளே இருப்பவர்கள் பயப்படாமல் கதவைத் திறக்க வேண்டும், அதற்கு நான். நீங்கள் எழுதியிருக்கிற வார்த்தைகள் நான் சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் அதை எத்தனை வாசலில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நூறு இருக்கலாம். இன்னொரு கம்பெனியில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் இதே வேலை, ஏறக்குறைய இதே பேச்சு. அவன் இப்போது உயிரோடு இல்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் ஒழுங்கையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். கதவுகள் ஞாபகம் இருக்கின்றன, நீலம், பச்சை, கோலம் போட்ட வாசல்கூட ஒன்று. ஆட்கள் ஞாபகம் இல்லை. அது நான் இல்லை என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதியதுதான். ஆனால் அதுவும் பொய்யாக இருந்தால்? ஆமாம், நான்தான் என்று எழுதவும் என்னிடம் ஞாபகம் இல்லை.

மறைக்காமல் இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆரம்பத்தில் கூட்டிப்போனவர்கள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினார்கள், நானே பார்த்தேன். அதனால் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று நம்பித்தான் சொன்னேன். பிறகு, திரும்பாதவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் பதினோரு நாள் அதையே சொன்னேன். பதினோராம் நாள் கண்ணிவெடியில் இந்தக் காது போய், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காது போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

மன்னியுங்கள் என்று எழுதி அடித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும், அந்தப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்கக் கூடாது.

ஜூலை பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. வர வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்கிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்லிப் பழகியவன்தானே. பேத்தியைப் படத்தில் பார்த்துக்கொள்வேன். தூக்கிப் பார்க்க ஆசை இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

இப்படிக்கு,
ஏழுமலை


மல்வேர்ன்
5 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீல்சன் வீதி பஸ்ஸில் ஏறினேன். இறங்கவேண்டிய இடம் போய், கடைசித் தரிப்பும் போய், பஸ் திரும்பி வரும்போதும் அதற்குள்ளேயே இருந்தேன். சாரதி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் ஆம் என்று எழுதியிருந்தால் உங்களை வெறுத்திருப்பேன். இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு நித்திரையாவது கொண்டிருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை. நீங்கள் எழுதிய அந்தப் பதினோரு நாளில் எங்கள் வீட்டு நாளும் வருமா என்று நாட்காட்டி பார்க்கத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். எந்தக் கணக்குக்கும் அவன் வரப்போவதில்லை.

உங்களை மன்னித்தேன் என்று எழுத என்னால் முடியாது. தம்பியைப் போகச் சொன்னவன் நான், எனக்கே அதைச் சொல்லிக்கொள்ள இன்னும் முடியவில்லை. ஆனால் நீங்கள் பொய் எழுதி என்னைத் தேற்றியிருக்கலாம், எழுதவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

கடிதங்கள் எல்லாவற்றையும் ஜெயமலரிடம் கொடுத்தேன். மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணி போடவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த மனிசன் வரட்டும். பேத்தி என்ன பிழை செய்தவள்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நான் அவருக்குச் சமைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றாள்.

ஆகவே வாருங்கள். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். நான் அட்சயாவுக்குச் சொன்ன பொய்யை நானும், நீங்கள் சுந்தருக்குச் சொன்ன பொய்யை நீங்களும், ஒரே நாளில், ஒரே மேசையில் இருந்து. அதற்குப் பிறகு அவர்கள் எங்களோடு கதைப்பார்களோ, பிள்ளையைத் தூக்கத் தருவார்களோ, எனக்குத் தெரியாது. தனியாக அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். பதக்கத்தைச் சீமோனிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன், அதை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

யூனியன்வில்லில் இரண்டு நாள் களைப்பாறுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுந்தர் உங்களை இங்கே கொண்டுவந்து விடுவார். ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யுங்கள். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம். என் பெயரையும் சொல்ல வேண்டாம். கதவுக்கு வலது பக்கம் மணி இருக்கிறது, அதை அடித்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நான் எழுந்து வர நேரமெடுக்கும். ஆனாலும் நான்தான் வந்து திறப்பேன்.

நவரட்ணம்