சீலன் நிக்கிற படம்

1 நவம்பர் 2007, வியாழன்
டோர்ட்மண்டிலை விடியத் தொடங்கின மழை. லீவு நாள், கடையெல்லாம் பூட்டு. பால் முடிஞ்சுது. வெறுந்தேத்தண்ணி.

சீலனை ஆமி கொண்டுபோய் இண்டையோடை பத்தொன்பது நாள். என்ரை ஒரே தம்பி, பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறவன். தன்ரை மனிசி சாந்தியின்ரை கண்ணைக் காட்டவெண்டு கொழும்புக்கு வந்து லொட்ஜிலை நிண்டவன். இன்னும் கோட்டுக்கு, நீதவானுக்கு முன்னாலை கொண்டுபோகேல்லை. என்ன குற்றம் எண்டும் சொல்லேல்லை. பயங்கரவாதச் சந்தேகமாம், அவ்வளவுதான்.

கொழும்பு லோயர் போனிலை சொன்னது (எழுதி வைக்கிறன், பிறகு மாத்திக் கதைப்பார்):
- பிடிச்சால் வீட்டாருக்கு ஒரு துண்டு எழுதிக் குடுக்கோணும். ஆர் பிடிச்சது, எங்கை கொண்டுபோறது எண்டு.
- வீட்டாக்களைப் பாக்க விடோணும்.
- லோயரும் போய்ப் பாக்கலாம் எண்டுதான் இருக்கு. ஆமி முகாம் எண்டால் வாசலோடை சரி.

சாந்தி துண்டு கேட்டவவாம். நாளைக்கு வா எண்டாங்களாம். கனக்கக் கேட்டு அவங்களைக் கோவப்படுத்தாதை, உள்ளை இருக்கிறது அவன் எண்டு சொல்லி வைச்சனான்.

போனுக்குள்ளை டிக் டிக் எண்டு சத்தம். ரெலிபோன் கார்டின்ரை சத்தம் எண்டார் என்ரை மனிசன். இவருக்கு எல்லாம் கார்டின்ரை சத்தம்தான்.

3, சனி
லீக்ஸ் கறி. மகள் அபிக்குச் சப்பாத்து வாங்கோணும், பதின்மூண்டு வயசிலை என்ரை அளவு கால்.

நெருப்பில்லாமல் புகையுமோ? ஆரோ காட்டிக் குடுக்காமல் அவனைத் தேடி அந்த லொட்ஜுக்கு ஏன் வாறாங்கள். இருந்து யோசிச்சு எழுதினது:
1. லொட்ஜ் மனேச்சர்.
2. என்ரை மனிசன்ரை தமக்கை. கொழும்பு வெள்ளவத்தையிலை இருக்கிறா. சீலன் வந்து நிக்கிறது அவவுக்குத் தெரியும். அவவின்ரை வாயிலை ஒண்டும் நிக்காது.
3. இஞ்சை தமிழ்ச் சங்கத்துக்கு வாற புது ஆள். எல்லாரிட்டையும் எந்த ஊர் எந்த ஊர் எண்டு கேக்கிறான்.
4. வீடியோ ரவி. அபி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுத்தவன். சீலன்ரை படம் ஒண்டு அவனிட்டை இருக்கு, திருப்பித் தரேல்லை.

இவருக்குக் காட்டினன். என்ரை பேர் ஏன் இல்லை எண்டு கேட்டார். பகிடி.

4, ஞாயிறு
சாந்தி போன் எடுத்தவ. முகாமிலை அஞ்சு நிமிசம் காண விட்டவங்களாம். கம்பிவலைக்கு அங்காலை சீலன், பக்கத்திலை தமிழ் விளங்கிற சிப்பாய். முகம் வீங்கியிருந்ததாம். சாப்பிட்டியோ எண்டு கேட்டதுக்கே அழுதவனாம். அழாதவன் அவன்.

ஒண்டுதான் சொல்லக் கிடைச்சதாம். அவன் ஜெர்மனியிலை இயக்கத்தின்ரை கூட்டத்திலை நிக்கிற படம் தங்களிட்டை இருக்கு எண்டு சொல்லி அடிக்கிறாங்களாம். அதோடை சிப்பாய் கதையை நிப்பாட்டிப்போட்டான்.

பாஸ்போட்டே இல்லாதவன் ஜெர்மனியிலை எப்பிடி நிப்பான்? ஆரோ படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறான். வெட்டி ஒட்டத் தெரிஞ்சவன் எனக்குத் தெரிய ஒருத்தன்தான்.

சோறு அடிப்பிடிச்சுப் போச்சு.

6, செவ்வாய்
வேலை முடிய முதியோர் இல்லக் குசினியிலை சமைக்கிற உடுப்போடையே ரவியின்ரை கடைக்குப் போனன். கதவைத் திறந்த உடனை பேசினன். என்ரை தம்பியின்ரை படத்தை ஆருக்கடா குடுத்தனீ எண்டு. கடையிலை நிண்ட ஒரு பொம்பிளை பையைத் தூக்கிக்கொண்டு போட்டா.

ரவி கொம்பியூட்டரிலை ஒரு படத்தைப் போட்டான்.

அபி, பட்டுச்சீலை, மாலை. பக்கத்திலை கோட்டுச்சூட்டோடை சீலன். ஒருநாளும் கோட் போடாதவன்.

"அக்கா, தாய்மாமன் இல்லாமல் என்ன சாமத்தியவீடு, அவனையும் கொண்டுவந்து நிப்பாட்டு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஓம். நான்தான். வர ஏலாத ஆக்களை இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் நிப்பாட்டுறது. தலை சீலன்ரை, உடம்பு ஆரோ மாப்பிளையின்ரை. பெரிசாப் பிறின்ற் பண்ணி நானே தபாலிலை அனுப்பினனான். சாந்தியின்ரை ஆக்களுக்கும் கொண்டுபோய்க் காட்டு எண்டு எழுதினனான். அதைத்தான் கொழும்புக்குக் கொண்டுவந்த பையிலை வைச்சிருந்திருக்கிறான், ஆமியின்ரை கையிலை அம்பிட்டிருக்கு.

பின்னாலை சுவர். அந்த மண்டபத்திலை முதல் நாள் நடந்த இயக்கக் கூட்டத்துக்குக் கட்டின சிவப்பு மஞ்சள் துணி, பெரிய தமிழீழ வரைபடம். கழட்டட்டோ எண்டு மண்டபக்காரர் கேட்டவர். விடுங்கோ, சுவரிலை கறை, மறையட்டும் எண்டதும் நான்.

ரவி தேத்தண்ணி போட்டுத் தந்தான். குடிக்காமல் வீட்டை வந்தன்.

சனிக்கிழமை எழுதின நாலு பேரையும் வெட்டினன். ரவியை இரண்டு தரம் வெட்டினன்.

7, புதன்
லோயர் சொல்லுறார், படம் ஒட்டின ஆள் சத்தியக் கடிதம் எழுதி நோட்டாரிட்டைக் கையெழுத்து வைக்கோணுமாம். சீலன் இல்லாத முதல் படமும் வேணுமாம். அவனைக் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி மனுப் போடுறாராம். கோட்டுக்கு வந்தால்தான் இதை ஆருக்கும் காட்டலாம். முகாமுக்குள்ளை காட்டினால் கிழிச்சு எறிவாங்கள்.

அபி பள்ளிக்கூடத்திலை படிச்சவளாம், ஆரைப் பிடிச்சாலும் அடுத்த நாள் முடிய முன்னம் நீதவானிட்டைக் கொண்டுபோகோணும் எண்டு. மாமாவை ஏன் கொண்டுபோகேல்லை எண்டு கேட்டாள். அது இஞ்சத்தைச் சட்டம் பிள்ளை எண்டன். சட்டம் எண்டால் சட்டம்தானே அம்மா எண்டாள். பாத்திரம் கழுவினன்.

ரவிக்குப் போன் எடுத்தன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டான். அவன்ரை தாய் வவுனியாவிலை தனிய. இவன்ரை பேரும் விலாசமும் ஆமியின்ரை கைக்குப் போகும். நானெண்டால் கையெழுத்து வைப்பனோ தெரியாது.

9, வெள்ளி
நோட்டாரைச் சந்திக்க டெர்மின் பத்து மணிக்கு. ரவி வரமாட்டான் எண்டுதான் நினைச்சனான். ஒன்பதரைக்கே வாசலிலை நிக்கிறான், சவரம் எடுத்து, இஸ்திரி போட்ட சேட்டு.

நோட்டார் கண்ணாடியைக் கழட்டி இரண்டு படத்தையும் மாறிமாறிப் பாத்தார். ஒண்டிலை சீலன், மற்றதிலை அபிக்குப் பக்கத்திலை வெறும் இடம். ஏன் இப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கேட்டார். எனக்கு டொச்சு பாஷையிலை சொல்ல வரேல்லை. வர ஏலாத ஆக்களுக்கு எண்டு ரவி சொன்னான்.

பஸ் தரிப்பிடத்திலை நிக்கேக்கை ரவி கேட்டான், என்னிலை சந்தேகப்பட்டனீங்களோ அக்கா எண்டு. சீ, கோவத்திலை கத்தினது, சந்தேகம் இல்லை எண்டன். தலையாட்டினான். நம்பேல்லை.

12, திங்கள்
லோயருக்கு ஃபாக்ஸ் போச்சு. ஒன்பது பக்கம். இயந்திரம் சரி எண்டு துண்டு அடிச்சுத் தந்தது. பேர்சுக்குள்ளை வைச்சிருக்கிறன். அபிக்குச் சப்பாத்து இன்னும் வாங்கேல்லை.

கனநாளைக்குப் பிறகு பசிச்சது. புட்டு அவிச்சன்.

14, புதன்
வெயில், கடும் குளிர். லோயர் தானாவே போன் எடுத்தார்.

கடிதம் நல்ல கடிதமாம். இவ்வளவு தெளிவான அத்தாட்சி கிடைக்கிறது அருமையாம். ஆனால் முகாமிலையிருந்து எழுத்திலை மறுமொழி வந்திட்டுதாம். அந்தப் பேரிலை ஒருத்தரையும் தாங்கள் பிடிக்கவும் இல்லை, வைச்சிருக்கவும் இல்லையாம்.

சாந்தி கண்டவ, கதைச்சவ எண்டன். அது அவ சொல்லுறது எண்டார். லொட்ஜ்காரனும் தான் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டானாம்.

"பிடிச்ச நேரம் துண்டு தந்தவங்களோ?"

இல்லை எண்டன்.

"ஏன் விடாமல் கேட்டு வாங்கேல்லை? அது ஒண்டு இருந்தால் இப்ப இல்லை எண்டு சொல்ல ஏலாதே."

சாந்திக்கு விளங்கேல்லைப் போலை எண்டு சொன்னன்.